மிக் விமானத்துக்கு அடித்த பெயிண்ட்

என் மனைவி போய் ஐந்து மாதம் ஆகிறது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பவர்களிடம் நன்றாக இருக்கிறேன் என்று சொல்கிறேன். பொய் இல்லை. பசிக்கிறது, சாப்பிடுகிறேன். தூக்கம் வருகிறது, தூங்குகிறேன். காலையில் பட்டறைக்குப் போய் லாரிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன். உள்ளே மட்டும் மரத்துக் கிடக்கிறது. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்போமே, அப்படி அவ்வப்போது தொட்டுப் பார்க்கிறேன். ஒன்றும் தெரிவதில்லை. துக்கத்துக்கு வந்த சொந்தபந்தங்கள் நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று தங்களுக்குள் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது. அவர்களுக்கும் பொழுது போக வேண்டுமே, பேசிவிட்டுப் போகட்டும்.

அவளுடைய கடைசி நாட்களில் அவளுக்கென்று நான் உருப்படியாகச் செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான். அவள் ஆசையாக வைத்திருந்த விமானம் ஒன்றுக்குப் புதுப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். அதைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டாள் என்ற நினைப்பை வைத்துக்கொண்டுதான் இந்த ஐந்து மாதத்தையும் ஓட்டினேன். போன ஞாயிற்றுக்கிழமை அந்த நினைப்பும் கையை விட்டுப் போய்விட்டது.

விமானம் என்றால் கையில் ஏந்தும் அளவுள்ள விமானம். பொம்மை என்று சொன்னால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "மாடல்னு சொல்லுங்க" என்பாள். எல்லாம் போர் விமானங்கள். உலோகத்தில் வார்த்தவை. உண்மையான விமானத்தை எழுபத்திரண்டு மடங்கு சுருக்கினால் என்ன அளவு வருமோ, சரியாக அந்த அளவு. கையில் வாங்கினால் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருக்கும். சக்கரம், ஏவுகணை, விமானி ஏறும் ஏணி எல்லாம் தனித்தனியாகப் பெட்டிக்குள் வரும். நாம்தான் மாட்ட வேண்டும். சில துண்டுகள் கொத்தமல்லி விதையைவிடச் சின்னது. சுகோய், மிராஜ், தேஜஸ், மிக் என்று நாற்பத்து மூன்று விமானங்கள், என் பட்டறைத் தச்சர் செய்து கொடுத்த கண்ணாடி அலமாரியில் மூக்கை ஒரே பக்கம் திருப்பிக்கொண்டு நின்றன.

நாமக்கல்லில் ஒரு பெண்ணுக்கு இப்படி ஓர் ஆசை வரலாமா என்று நானே கேலி செய்திருக்கிறேன். அவள் வேலை பார்த்தது கோழித் தீவன ஆலையின் அலுவலகத்தில். "கோழி மாடல் வாங்கியிருந்தாலாச்சும் ஊருக்கு ஒரு பொருத்தமா இருந்திருக்கும்" என்பேன். "கோழி பறக்காதுங்க" என்று பதில் சொல்லிவிட்டு, மென்மயிர்த் தூரிகையால் இறக்கைத் தூசியைத் தட்டிக்கொண்டிருப்பாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. ஒருமுறை மல்லசமுத்திரத்திலிருந்து வந்த என் அக்கா அலமாரியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கொழந்த இல்லாத ஊட்டுல எதுக்கு இத்தன பொம்ம?" என்று கேட்டுவிட்டாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சும்மா இருந்தேன். இவள்தான், "எனக்குத்தானுங்க வாங்கினேன். காப்பிக்குச் சக்கரை போடட்டுங்களா?" என்றாள். அன்றைக்கு நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

அவள் பிறந்தது கோயம்புத்தூர்ப் பக்கம், விமானப் படைத் தளத்துக்கு அருகே ஒரு சிற்றூர். சின்ன வயதில் வீட்டுக் கூரைக்கு மேல் ஜெட் போகும், ஓடு அதிரும் என்று சொல்லியிருக்கிறாள். எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஏதோ ஒரு விமானத்தைப் பார்த்த கதை ஒன்று உண்டு. பலமுறை சொன்னாள். பட்டறையிலிருந்து வந்தவனுக்குக் காதில் கம்ப்ரசர் சத்தமே மிச்சமிருக்கும். உம் கொட்டுவேன். என்ன கதை என்று கேட்டால் அப்போது எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

அவளுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. இதே மாடல்களைச் சேர்க்கும் தமிழ்நாட்டுக்காரர்கள் ஐம்பது அறுபது பேர். அதில் பெண் இவள் ஒருத்திதான். புதிதாக யாருக்காவது பெட்டி வந்தால் முதலில் இவளைத்தான் கூப்பிடுவார்கள். அத்தனை சின்னத் துண்டுகளை உடைக்காமல் மாட்டுகிற கை அந்தக் கூட்டத்தில் இவளுக்குத்தான் வாய்த்திருந்தது. வீடியோவில் யாரோ ஒருவர் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். இவள் இங்கே குழம்பைக் கிண்டியபடியே, "அழுத்தாதீங்க, சித்த சாய்ச்சுப் புடிங்க, தானா உக்காரும்" என்பாள். உட்காரும். இருபது வருடத்தில் ஒரு துண்டைக்கூடக் கீழே விட்டதில்லை என்பது அவளுக்குப் பெருமை. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள், ஆனால் எனக்குத் தெரியும்.

நோய் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு ஒரு மிக்-21 வந்தது. நெடுநாள் காத்திருந்து வாங்கியது. சேலத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒருவர், அதே குழுவைச் சேர்ந்தவர், வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். பெட்டியைப் பிரித்தபோது அவள் கைகூப்பியது எனக்கு நினைவிருக்கிறது. நான் எட்டிப் பார்த்தேன். வெள்ளி நிறம், அதுவும் மங்கல். வால் பக்கம் புகை அடித்த கறுப்பு. வயிற்றில் எண்ணெய் ஒழுகிய கறை. இறக்கை ஓரத்தில் பெயிண்ட் பெயர்ந்த மாதிரி. "இத்தன நாள் காத்திருந்து பழசையா புடிச்சுக் கொண்டாந்த?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள்.

பிறகு வயிற்றில் கட்டி, சேலத்தில் ஆஸ்பத்திரி, இருபத்திரண்டு நாள். அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. இருபத்தோராம் நாள் பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்குக் கூட்டிப் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். இதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது. மறுநாள் மாலை டிஸ்சார்ஜ். அவளுடைய தங்கச்சியைப் பக்கத்தில் விட்டுவிட்டு, வீட்டைக் கூட்டிப் பெருக்கி வைக்கலாம் என்று காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து நாமக்கல் வந்தேன்.

கூட்டிப் பெருக்கினேன். அப்புறமும் நேரம் இருந்தது. அலமாரியைத் திறந்தேன். நாற்பத்து மூன்றில் அந்த மிக் மட்டும் அழுக்காக நின்றது.

இந்த இடத்தில் எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லாரி ஆண்டுக்கொரு முறை எஃப்.சி.க்குப் போகும், இந்த வண்டி ஓடத் தகுதியானதுதான் என்று சான்று வாங்க. அதற்கு முன்னால் வண்டி என் மாதிரி ஆளிடம் வரும். உள்ளே எஞ்சின் எந்த லட்சணத்தில் இருந்தாலும் சரி, பழசைத் தேய்த்து எடுத்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, புதுப் பெயிண்ட் ஏற்றி, பூப்போட்டு அனுப்புவோம். அழுக்கு வண்டியை அதிகாரி முன் கொண்டுபோய் நிறுத்துவது எங்களுக்குக் கேவலம். முப்பத்தைந்து வருடம் இதுதான் என் பிழைப்பு. ஒரு வண்டிக்கு நல்லது செய்ய வேண்டும் என்றால் இந்த ஒரு வழிதான் எனக்குத் தெரியும். சாகப்போகிறவளுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவன், தெரிந்த ஒன்றைச் செய்தேன்.

மிக்கைத் துண்டில் சுற்றிப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். ஆயிரம் நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, விரல் நுனியால் கறை முழுவதையும் தேய்த்தேன். விமானி உட்காரும் கண்ணாடிக்கு டேப் ஒட்டினேன். ஸ்ப்ரே கன்னைச் சின்னதாக வைத்துப் பிரைமர், அதன் மேல் வெள்ளி, அதன் மேல் பளபளப்புக்கு ஒரு பூச்சு. ஒரு சாண் அளவுள்ள சாமானுக்கு அன்றைக்குக் காட்டிய கவனத்தை நான் பதினாறு சக்கர லாரிக்கும் காட்டியதில்லை. தாமரை போடக் கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். ஆனாலும் லாரிக்காரன் கை இல்லையா, இறக்கை ஓரம் முழுக்க மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு இழுத்துவிட்டேன். கோடு நூல் பிடித்த மாதிரி வந்திருந்தது.

மாலை ஆம்புலன்ஸ் வந்தது. அவளைக் கட்டிலில் படுக்க வைத்து, தலையணையை உயர்த்தி, கையில் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள். திருப்பினாள். மூக்கின் இடப்பக்கத்தை விரலால் தடவினாள்.

"என்ன பெயிண்ட்டுங்க?"

"வண்டிக்கு அடிக்கறதுதான். டூ பேக், ரெண்டு டப்பாவக் கலந்து அடிக்கறது. அஞ்சு வருசத்துக்கு அசையாது."

"நல்லாருக்குங்க" என்றாள்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "மத்ததையும் ஒண்ணொண்ணா பண்ணிரலாம் புள்ள" என்றேன். அவள் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்த உடம்பில் அத்தனை பிடி எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

"வேண்டாமுங்க. சாமி, அதுக வேண்டாம். இது ஒண்ணு போதும்."

எனக்கு வேலை வைக்கக் கூடாது என்று சொல்கிறாள் என்று நினைத்தேன். எப்போதுமே அப்படித்தான் அவள்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் இருந்தாள். மிக்கை அலமாரியின் நடுத்தட்டில் முன்னால் வைக்கச் சொன்னாள். தினம் காலையில் அதை எடுத்துத் தரச் சொல்லி, மூக்கின் இடப்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே இருப்பாள். என் வழவழப்பை ரசிக்கிறாள் என்று பக்கத்தில் நின்று நான் பூரித்துப்போனேன். போன் மட்டும் முன்போல் அடிப்பதில்லை. சக்கரம் மாட்ட, ஏணி மாட்ட என்று யாரும் வீடியோவில் வரவில்லை. நோயாளியைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று இருக்கிறார்கள், பரவாயில்லை, மரியாதை தெரிந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

போவதற்குச் சில நாட்களுக்கு முன், மாடல்கள் எல்லாவற்றையும் சேலத்துக்காரருக்குக் கொடுத்துவிடச் சொன்னாள். "அவருக்குத் தெரியுமுங்க எப்படி வெச்சுக்கறதுன்னு." சரி என்றேன். அவர் ஐந்து மாதம் பொறுத்து, போன ஞாயிற்றுக்கிழமை வந்தார். நாற்பது வயது இருக்கும். பரணிலிருந்து அவள் பத்திரப்படுத்திய பெட்டிகளை இறக்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு விமானத்தையும் வயிற்றுப் பக்கமாகப் பிடித்துத் தூக்கி, அதனதன் பெட்டியில் பஞ்சுக்குள் உட்கார வைத்தார். இறக்கையைப் பிடித்துத் தூக்காதவர் என்பதால் எனக்கு அவரைப் பிடித்தது.

நடுத்தட்டுக்கு வந்தபோது கையை நிறுத்தினார்.

"இது பக்கத்து ஊட்டுக் கொழந்தைங்களோடதுங்களா அண்ணா?"

"அது மிக்குங்க. நீங்க வரவழைச்சுக் கொடுத்தது."

அவர் என்னைப் பார்த்தார். அதைப் பார்த்தார். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"அது ஒடஞ்சு போச்சுன்னு அக்கா சொன்னாங்களே."

"ஆரு சொன்னது?"

அவர் போனை எடுத்துத் தேடிக் காட்டினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் அவள் குழுவில் போட்டிருந்தது. மிக்கைக் கீழே போட்டுவிட்டேன், கை நடுங்குகிறது, இனிமேல் மாடல்களைத் தொட எனக்குத் தைரியம் இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே வரிசையாக ஆறுதல்கள். உடம்பு சரியில்லாத நேரத்தில் அதைக் கையில் எடுத்திருக்கக் கூடாது என்று ஒருவர் கடிந்துகொண்டிருந்தார். இனி அக்காவைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று இன்னொருவர். அதோடு சரி. அவளை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை.

"அந்த அழுக்க எடுத்துட்டுப் புதுசா அடிச்சேனுங்க. நல்லாருக்குன்னு சொன்னா" என்றேன்.

அவர் நல்ல மனிதர். மிக மெதுவாக, அது அழுக்கு இல்லை என்றார். செய்தவர்கள் வேண்டுமென்றே போட்டது. ஒவ்வொரு மாடலும் நிஜமாகவே பறந்த ஏதோ ஒரு விமானத்தின் நகல். அதன் படத்தைப் பார்த்து, அதற்கு எங்கே புகை அடித்ததோ, எங்கே எண்ணெய் ஒழுகியதோ, அங்கேயே கறையைத் தீட்டுவார்கள். மூக்கில் அந்த விமானத்தின் நம்பரையும் போடுவார்கள்.

"அக்கா எட்டாவது படிக்கறப்ப ஒரு மிக் சக்கரத்த எறக்கிட்டு அவங்க ஊட்டு மேல தாழ்வா போச்சாம். மூக்குல இருந்த நம்பரப் படிச்சு நோட்டுல எழுதி வெச்சாங்களாம். அந்த நம்பர் போட்ட மாடல் எப்ப வரும்னுதான் இத்தன வருசமாக் காத்துக்கிட்டிருந்தாங்க. உங்களுக்குத் தெரியுமே அண்ணா."

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் எனக்குப் பலமுறை சொன்ன கதை அது.

அவர் மூக்கின் இடப்பக்கத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் நம்பிக்கையோடு, "தின்னர் தொட்டுத் தொடச்சா அடியில நம்பர் இருக்குமுங்களா?" என்று கேட்டார்.

"இருக்காதுங்க. தேய்க்காம மேல அடிக்கற பழக்கம் எனக்கு இல்ல."

என் தொழிலைப் பற்றி முப்பத்தைந்து வருடமாக நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்ன வாக்கியம் அது. அவர் தலையாட்டிவிட்டு விமானத்தைத் திரும்ப நடுத்தட்டிலேயே வைத்தார். மிச்சம் நாற்பத்திரண்டையும் கட்டி முடித்தார். நான் டீ போட்டுக் கொடுத்தேன். இருவரும் குடித்தோம். மின்விசிறி சுற்றியது. என் கோட்டு வேலை, என் வழவழப்பு, என் டூ பேக் எல்லாம் எதிரே பளபளவென்று நின்றன. அவள் இந்த வீட்டில் என் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே, என்னைக் காட்டிக் கொடுக்காமல் இருப்பதற்காகத் தன் கையைக் காட்டிக் கொடுத்திருக்கிறாள். இருக்கிற ஒரே பெருமையை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அதற்காக அவள் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. திட்டியிருக்கலாமே. ஒரு தட்டை விட்டெறிந்திருக்கலாமே. நாலு நாள் பேசாமல் இருந்திருந்தால்கூட நான் ஏன் என்று கேட்டிருப்பேன். கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு அவர், "நான் யாருகிட்டயும் சொல்லலீங்க அண்ணா, இது நம்மளோட இருக்கட்டும்" என்றார். மரியாதைக்குச் சொன்னார்.

"அந்தக் கூட்டத்துல பேசறதுக்கு எதை அமுக்கணும்?" என்று கேட்டேன்.

அவர் தயங்கினார். பிறகு தன் போனில் குழுவைத் திறந்து, மைக் படத்தைக் காட்டி, இதை அழுத்திப் பிடித்துக்கொண்டே பேசுங்கள் என்றார். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். நான் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஐம்பது அறுபது பேர் முன்னால் எழுந்து நிற்கிற கூச்சம் கொஞ்சமும் வரவில்லை. மரத்துப்போனதில் இந்த ஒரு லாபம் உண்டு.

"எல்லாத்துக்கும் வணக்கமுங்க. நான் அந்தம்மா ஊட்டுக்காரன் பேசறனுங்க. அந்த மிக் விமானத்த அவ கீழ போடலீங்க. லாரிக்கு அடிக்கற பெயிண்ட்ட அடிச்சுக் கெடுத்தது நானுங்க. அத மறைக்கோணும்னுதான் அவ அப்படி எழுதிட்டா. அவ கை நடுங்கலீங்க. போற அன்னிக்குக் காலைலகூட ஊசில அவளேதான் நூல் கோத்தா, நான் பாத்தேன். அந்த ரெண்டு மாசமும் போனக் கையிலயே வெச்சுக்கிட்டுத்தான் படுத்திருந்தாளுங்க. நீங்க கூப்புட்டிருக்கலாமுங்க."